அத்தைக்கு போட்டோ போதாது

போன வாரம் அத்தை போன் செய்தார். "ஏம்மா, கருப்பை வாய்ப் புற்றுநோயை இப்ப போட்டோ எடுத்தே கண்டுபிடிச்சிடுறாங்களாமே, வேற டெஸ்டே வேண்டாமாம்ல?" வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய வீடியோ. சரி, அந்தப் போட்டோவுக்கும் ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்து உள்ளே பார்க்க வைக்கும் கருவி) வைத்துத்தான் ஆக வேண்டும், அதை மட்டும் வீடியோவில் யாரும் சொல்லவில்லை போல.

யோசனையும் புதிதல்ல. 1981-இல் அமெரிக்காவில் அடால்ஃப் ஸ்டாஃப்ல் என்ற மருத்துவர், கருப்பை வாயைப் படமெடுத்துப் பார்க்கும் செர்விகோகிராபியை அறிமுகப்படுத்தினார். வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்துத் தடவினால் கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். அதைப் படமெடுத்து, ஃபிலிமைக் கழுவி, எங்கோ இருக்கும் நிபுணர் திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு சொல்வார்.

இது எவ்வளவு தேறும் என்று ஒழுங்காகப் பார்த்த இடம் கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டே. 1993-94-இல் சுமார் 10,000 பெண்களைச் சேர்த்தார்கள். எனக்கு அதில் பிடித்தது, ஒரே பெண்ணுக்கு ஸ்மியர் (கருப்பை வாயின் செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), போட்டோ எல்லாம் எடுத்து, எதிலாவது சந்தேகம் வந்தால் கால்போஸ்கோபிக்கு, அதாவது பெரிதாக்கும் கருவியால் அந்த இடத்தை நேரடியாகப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், எதிலும் சந்தேகம் வராதவர்களிலும் சிலரை அனுப்பினார்கள். இல்லாவிட்டால் சோதனை கோட்டைவிட்டது யாருக்கும் தெரியாமலே போய்விடும், அப்புறம் அது நல்ல சோதனை என்று நாமே பேர் கொடுத்துவிடுவோம். முடிவு என்னவென்றால், புற்றுநோயாக மாறக்கூடிய முற்றிய மாற்றங்களிலும் புற்றுநோயிலுமாகச் சேர்த்து போட்டோ பிடித்தது பாதியைத்தான் (49.3 சதவீதம்), ஸ்மியர் 77.2. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் போட்டோ 26.9-க்கு இறங்கிவிட்டது. மாதவிடாய் நின்றபின், புற்றுநோய் வழக்கமாகத் தொடங்கும் அந்த வளையம் உள்ளே குழாய்க்குள் போய்விடுகிறது, கேமராவுக்கு எட்டாது. அத்தைக்கு வயது 57.

2019-இல் அதே பழைய ஃபிலிம் படங்களைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 9,406 பெண்களின் படங்கள். ஒன்று என்றால் பிழையே இல்லை, 0.5 என்றால் பூவா தலையா போடுவது, அப்படி ஓர் அளவுகோலில் கம்ப்யூட்டர் 0.91 வாங்கியது, அதே படங்களைப் பார்த்த மனிதக் கண் 0.69. வீடியோவின் ஆரவாரம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தக் கேமராவே இப்போது புழக்கத்தில் இல்லை. வேறு கேமரா, வேறு வெளிச்சம், போன் என்று வந்தால் அந்த 0.91 தானாகக் கூடவே வந்துவிடாது. ஒரே பெண்ணை அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்தால் இரண்டுக்கும் ஒரே பதில் வருகிறதா என்பதையே பிறகு தனியாக உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. நான் முதலில் கேட்பது அதைத்தான், மதிப்பெண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் திண்டுக்கல்லில் கேமராவே இல்லாமல் பயிற்சி பெற்ற நர்ஸுகள் வெறுங்கண்ணால் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்ததில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது, 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அங்கே எண்ணியது உயிரை. கேமராவை வைத்து இப்படி ஒரு கணக்கு வந்தால் நானும் வீடியோ ஃபார்வர்ட் செய்வேன்.

அத்தையிடம் எச்பிவி (இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்) சோதனை செய்துகொள்ளச் சொன்னேன், உலக சுகாதார நிறுவனமும் 2021-இல் அதைத்தான் முதலில் வைத்தது, அதற்கான மாதிரியை நாமே பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல, அரை மணி நேரமா என்னத்தையோ பேசிட்டிருக்க."