ஆர்7-க்கு யார் சொன்னது?

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ஆய்வகத்தில் பழ ஈ வளர்க்கும் பாட்டில்களில் தீனியை அகார் போட்டு இறுக வைப்போம். அகார் வருகிற மரிக்கொழுந்துப் பாசியைக் கடலில் மூழ்கி எடுக்கும் அம்மாக்களின் பிள்ளைகள் பலர் என்னிடம் படிக்கிறார்கள். பூச்சியியலுக்குள் அவர்களை இழுக்க எனக்கு அதுவே நல்ல வழி.

நான் மிகவும் விரும்பி நடத்துவது ஈயின் கண். ஒரு கூட்டுக்கண்ணில் சுமார் 750 சிறு கண்கள், ஒவ்வொன்றிலும் ஒளியுணர் செல்கள் 8; அவற்றுக்கு ஆர்1 முதல் ஆர்8 வரை பெயர். எட்டும் ஒரே தாய்ச் செல்லின் வாரிசுகள் என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அப்படி இல்லை என்று 1976-இல் ரெடி, ஹேன்சன், பென்சர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டினார்கள். யாருக்குப் பிறந்தது என்பதல்ல, யார் பக்கத்தில் இருக்கிறது என்பதே ஒரு செல்லின் கதியைத் தீர்மானிக்கிறது. முதலில் ஆர்8 உருவாகும். செல்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் நாட்ச் என்ற சமிக்ஞை அக்கம்பக்கத்துச் செல்களை ஆர்8 ஆகவிடாமல் தடுக்கும். அப்புறம் மற்றவை ஜோடி ஜோடியாக. கடைசியில் புற ஊதா ஒளியை உணரும் ஆர்7.

செவன்லெஸ் மரபணு பழுதானால் ஆர்7 ஆக வேண்டிய செல், ஒளியை உணராமல் லென்ஸை உருவாக்கும் கூம்புச் செல்லாகிவிடும். பாஸ் மரபணு பழுதானாலும் அதே கதிதான். "ரெண்டுலயும் ஒரே விளைவுன்னா எது என்ன வேலை செய்யுதுன்னு எப்படி சார் பிரிச்சாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று மிச்சப் பாடத்தை ஒதுக்கி வைத்தேன். ஒரே கண்ணில் சில செல்களில் மட்டும் மரபணுவைப் பழுதாக்கிப் பார்த்தார்கள். செவன்லெஸ் ஆர்7-க்குள்ளேயே இருந்தாக வேண்டும். பாஸ் ஆர்8-இல் இருந்தால் போதும். ஆக பாஸ் சொல்கிறது, செவன்லெஸ் கேட்கிறது. கேட்ட சேதியைச் செல்லுக்குள்ளே கொண்டுபோவது ராஸ் என்ற புரதம். ராஸ் நிற்காமல் இயங்கினால் கூம்புச் செல்களும் ஆர்7 ஆகிவிடும். மனிதப் புற்றுநோய்கள் பலவற்றில் பழுதாகிக் கிடப்பதும் இதே ராஸ்தான் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவள் விடவில்லை. "ஆர்3, ஆர்4-லயும் செவன்லெஸ் இருக்கு, ஆர்8 பக்கத்துலதான் இருக்கு. அதெல்லாம் ஏன் ஆர்7 ஆகலை?" மிகச் சரியான கேள்வி. அந்தச் செல்களில் செவன்-அப் என்ற மரபணு முன்கூட்டியே வேலை தொடங்கிவிடுகிறது. அதை நீக்கினால் அவையும் ஆர்7-ஐப் போலவே மாறுகின்றன. சேதி ஒன்றுதான், அது வந்து சேரும்போது செல் எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே பலன்.