ஷேக்கர்ல வச்சேன், பிளாஸ்மிட் தாவல

பிளாஸ்மிட்னா பாக்டீரியாவோட குரோமோசோமுக்கு வெளிய தனியா இருக்குற டி.என்.ஏ. துண்டு, மருந்து எதிர்ப்பு அது வழியா ஒரு பாக்டீரியால இருந்து இன்னொண்ணுக்கு எப்படி தாவுதுன்னு பாக்குறது, எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு இந்த தலைப்ப நானே கேட்டு வாங்குனேன். எனக்க ஆச்சி மூத்திரத்துல கிருமின்னு ஆஸ்பத்திரில கிடந்தப்போ கல்ச்சர் ரிப்போர்ட்ல வரிசையா ஆர், ஆர், ஆர்னு (ரெசிஸ்டன்ட், மருந்து கேக்காதுன்னு அர்த்தம்) இருந்தத பாத்ததுல இருந்து மனச விட்டு போகல.

பழையாத்துல ஒழுகினசேரி பாலத்துக்கு கீழ எடுத்த தண்ணில ஒரு ஈ.கோலை கிடைச்சுது, செஃபோடாக்சிம்ங்கிற ஆன்டிபயாடிக் ஏத்துன டிஸ்க்க ஒட்டியே வளந்து நின்னுது. அதுதான் டோனர், பிளாஸ்மிட்ட குடுக்குறது. வாங்கிக்கிறது ஜே53ன்னு லேப்ல வச்சிருக்குற ஈ.கோலை, இத சோடியம் அசைடுங்கிற விஷம் ஒண்ணும் பண்ணாது ஆனா செஃபோடாக்சிம் பட்டா செத்துரும், டோனர் நேர் எதிர். ரெண்டையும் சேத்து வளத்துட்டு ரெண்டு மருந்தும் உள்ள பிளேட்ல தேச்சா, பிளாஸ்மிட் வாங்குன ஜே53 மட்டும் பிழைக்கணும். அசைடு தாங்குற குணம் அதோட குரோமோசோம்ல இருக்கு, அது அவ்வளவு லேசுல தாவாது.

மொத வாட்டி ஒரு காலனி இல்ல. ரெண்டாவது வாட்டியும் இல்ல, அழுகையே வந்துட்டு. சீனியர் அக்கா வந்து "எங்க பிள்ளே வச்ச"ன்னு கேட்டாவ, ஷேக்கர்ல, குலுக்கிட்டே வளக்குற மெஷின்லன்னு சொன்னேன். "அங்கதான் தப்பு, டோனர் பைலஸ்னு மெல்லிசா நூல் மாதிரி நீட்டித்தான் மத்தத புடிக்கும், நீ போட்டு சுத்துனா அறுந்துரும்லா, அசையாம வை"ன்னாவ.

மூணாவது வாட்டி 37 டிகிரில ராத்திரி முழுக்க அசைக்காம வச்சேன். மறுநாள் பிளேட்ல 14 காலனி, குண்டூசி தலை அளவு! டோனர் மட்டும் போட்ட பிளேட், ஜே53 மட்டும் போட்ட பிளேட், ரெண்டும் சுத்தமா காலி. டோனர்லயே ஒண்ணு ரெண்டு தானா மாறி அசைடு தாங்கிரலாம், அதனால இந்த ரெண்டு கண்ட்ரோல் இல்லாம 14ன்னு எழுதவே கூடாது.

ஆனா என்ன உலுக்குனது அடுத்த நாள்தான். நான் தேர்ந்தெடுக்க போட்ட மருந்து செஃபோடாக்சிம் ஒண்ணுதான், வந்த காலனிய எடுத்து டிஸ்க் வச்சு பாத்தா ஜென்டாமைசின், டெட்ராசைக்ளின சுத்தியும் பாக்டீரியா வளராத வட்டமே இல்ல. பழைய ஜே53ல ரெண்டுக்கும் நல்ல அகலமா வட்டம் இருந்துது. மூணு எதிர்ப்பு ஜீனும் ஒரே பிளாஸ்மிட்ல இருந்தா ஒண்ணா குடியேறிரும், அந்த ரெண்டு மருந்த அது கண்ணால கூட பாத்திருக்க வேண்டாம். 1959லயே ஜப்பான்ல சீதபேதி ஷிகெல்லாவுக்கும் ஈ.கோலைக்கும் நடுவுல பல எதிர்ப்பு சேந்தே தாவுறத காட்டிட்டாவ, நானும் பரீட்சைக்கு அத படிச்சு எழுதினவதான், பிளேட்ட கையில வச்சு பாக்கும்போது வயிறு கலங்கிட்டு.

செய்யப்போறவங்களுக்கு ஒண்ணு, அசைடு விஷம், சிங்க்ல ஊத்தாதீங்க, பைப்ல உள்ள ஈயம் செம்போட சேந்தா வெடிக்கும்.

இனி டி.என்.ஏ.வ அளவு வாரியா பிரிக்கிற ஜெல்ல பிளாஸ்மிட்ட பாக்கணும். பெரிய பிளாஸ்மிட்டா இருந்தா நொறுங்கிரும், வேகமா சுழட்டி கலக்குற வோர்டெக்ஸ் பக்கமே போகாத, டியூப மெதுவா கவுத்து கவுத்து கலக்குன்னு அக்கா சொல்லி விட்டிருக்காவ.