24 கிராம் தோட்டாவும் செமி-ஆட்டோவும்: தேர்வு எந்த அளவில் நிற்கிறது

ட்ராப், அதாவது பறந்து போகும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டிக்கு எனக்கொரு துப்பாக்கி தேடிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சுட்டுப் பார்த்தவற்றில் கேஸ் முறையில் இயங்கும் செமி-ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) ஒன்று, 24 கிராம் தோட்டாக்களைக் கொண்டு ஒரு முழுச் சுற்றை எங்கும் சிக்காமல் முடித்துக் கொடுத்துவிட்டது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று ஓவர்-அண்டர் (ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல் கொண்ட துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். அவர்களுடைய துப்பாக்கியில் எந்தத் தோட்டாவைப் போட்டாலும் வெடிக்கும், திறந்தால் காலிக்கூடு வெளியே வந்து விழும். அத்துடன் அதன் வேலை முடிந்தது. செமி-ஆட்டோவோ, வெடிக்கும் தோட்டாவின் பலத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் காலிக்கூட்டை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்ற வேண்டும். போட்டி விதி, தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளான ரவையின் எடையை 24 கிராமோடு நிறுத்திவிட்டதால், எடுத்துக்கொள்வதற்கு இருக்கும் பலமே குறைவு. தேர்வு இத்தனை நாள் இழுத்ததற்கு அதுவே காரணம்.

இவ்வளவு பாடுபட்டுச் செமி-ஆட்டோதான் வேண்டுமா என்றால், என் வலத்தோளைக் கேட்க வேண்டும். உதை ஒரே இடியாக வராமல் சற்றே நீண்டு பரவி வருவதன் அருமை, ஒரு நாளில் நான்கு சுற்று சுடுகிறவர்களுக்குத் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கி, சரியில்லையென்றால் மாற்றிக்கொள்ளும் வசதி நமக்கு இல்லை. படைக்கலச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. என் கணக்கில் ஓர் இடத்தைத் தாத்தா பயிர்க்காவலுக்கு வைத்திருந்த பழைய இரட்டைக்குழல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க வீட்டில் யாருக்கும் மனம் இல்லை, எனக்கும் இல்லை. மேலும், 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் செமி-ஆட்டோவை முதல் வகையில் சேர்த்திருப்பதால், இரட்டைக்குழல் உரிமத்தைப் போல மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு காகித வேலை முடிந்துவிடாது. கோப்பு உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும். ஆகவே, தளத்தில் சுடும் நண்பர்கள் சிலரின் துப்பாக்கிகளை அவர்கள் உடனிருக்கச் சுட்டுப் பார்த்து முடிவெடுத்த பின்பே விண்ணப்பத்தில் கைவைப்பது என்று இருந்தேன். திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலை செய்யும், கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று சொல்லும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: உலகத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.-இன் விதி செமி-ஆட்டோவை அனுமதிக்கிறது, பம்ப் ஆக்‌ஷனை அனுமதிப்பதில்லை.

முதலில் கைக்கு வந்தது ஒரு பழைய ஆட்டோ-5. ஜான் பிரௌனிங் 1900-இல் காப்புரிமை பெற்ற இந்த வடிவமைப்பில், சுட்டவுடன் குழலே, தன் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட்டோடு சேர்ந்து பின்னே ஓடி வந்து மறுபடி முன்னே போகிறது. முன்கட்டையைக் கழற்றினால் உள்ளே ஓர் எஃகு வளையம் இருக்கும். கனமான தோட்டாவுக்கு அதை ஸ்பிரிங்குக்கும் உராய்வு வளையத்துக்கும் நடுவிலும், இலேசான தோட்டாவுக்கு ஸ்பிரிங்கின் அடியிலும் மாட்ட வேண்டும். வளையத்தை அடியில் மாட்டியதும் 24 கிராமையும் தயங்காமல் ஏற்றுக்கொண்டது. நூற்றாண்டைக் கடந்த இயந்திர அறிவு அது. தொட்டுக் கும்பிடத் தோன்றியது. ஆனாலும் குழல் முன்னும் பின்னும் ஓடும் அந்த இரட்டை அசைவில், முதல் குண்டு தவறினால் இரண்டாவது குண்டுக்குத் தட்டைத் தேடும் கண் இடம் தவறிவிடுகிறது. வீட்டில் வைத்து அழகு பார்க்கலாம். ட்ராப் சுடுவதற்கு எனக்கு ஒத்துவரவில்லை.

அடுத்தது இனெர்ஷியா வகை. துப்பாக்கி முழுவதும் உதையில் பின்னோக்கி நகரும்போது போல்ட்டின் உடல் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. அதற்கும் போல்ட்டின் தலைக்கும் இடையே உள்ள குட்டையான ஸ்பிரிங் நசுங்கி, பிறகு விரிந்து, போல்ட்டைப் பின்னே வீசுகிறது. கரி படியாது, துடைப்பது எளிது, எடையும் குறைவு. சிக்கல் என்னவென்றால், துப்பாக்கி போதிய வேகத்தில் பின்னே நகர்ந்தால்தான் இது இயங்கும். உதையைக் குறைக்கலாம் என்று தோளில் அணைக்கும் கட்டைக்குள் எடை சேர்த்தால் அந்த நகர்வு குறைந்து இயக்கமும் சோர்ந்துபோகிறது. நான் சுட்டது 89 மில்லிமீட்டர் அறை (தோட்டா உட்காரும் இடம்) கொண்ட, வாத்து வேட்டைக்கான கனத்த தோட்டாக்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட துப்பாக்கி. 28 கிராமில் ஒழுங்காக ஓடியது, 24 கிராமில் காலிக்கூடு வெளியேறும் வாயிலிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. களிமண் தட்டு சுட வாங்க நினைப்பவர்கள் 70 அல்லது 76 மில்லிமீட்டர் அறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரிய அறை எல்லாத் தோட்டாவுக்கும் ஆகும் என்பது விற்பவர் பேச்சு.

கேஸ் துப்பாக்கியில்தான் என் பொழுதெல்லாம் போனது. குழலின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாகக் கொஞ்சம் புகையை இறக்கி, அதன் அழுத்தத்தால் பிஸ்டனைத் தள்ளும் முறை இது. இயக்கத்தின் பலத்தை அளக்க எளிய வழி, காலிக்கூடு எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று பார்ப்பது. நெல் காயப்போடும் பெரிய தார்ப்பாயை எனக்கு வலப்பக்கம் விரித்து, சாக்கட்டியால் அடிக்கு ஒரு கோடு இழுத்து, ஒரு தோட்டா மட்டும் ஏற்றிச் சுட்டேன். போல்ட் பின்னே போய்த் திறந்தபடி நின்றுவிட்டால் இயக்கம் முழுமை. கூடு விழுந்த கோடு அதன் பலத்தைச் சொல்லிவிடும். 28 கிராம் கூடுகள் தார்ப்பாயின் வெளி ஓரத்தில் ஓரளவு ஒரே இடத்தில் குவிந்தன. 24 கிராம் கூடுகளோ சில நடுவிலும் சில காலடியிலுமாகச் சிதறின. எல்லாமே கிட்டத்தில் விழுந்திருந்தால் தோட்டாவுக்குப் பலம் போதவில்லை என்று விட்டுவிட்டிருப்பேன். ஒரே பெட்டித் தோட்டாக்கள் இப்படி முன்னும் பின்னுமாக விழுந்தால் கோளாறு துப்பாக்கிக்குள்தான் இருக்க வேண்டும்.

கழற்றிப் பார்த்தபோது இரண்டு துளைகளில் ஒன்று கரியால் பாதி அடைந்திருந்தது. கம்பியை விட்டுக் குத்தக் கூடாது; துளை அகன்றுவிட்டால் பிறகு ஒவ்வொரு தோட்டாவும் போல்ட்டை வேண்டாத வேகத்தில் பின்சுவரில் மோதவிடும். கரைப்பானில் ஊறவைத்து நைலான் தூரிகையால் தேய்த்தெடுத்தேன். அதைவிட முக்கியமானது எண்ணெய். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குப் பயந்து நம் பக்கத்தில் துப்பாக்கியை எண்ணெயில் குளிப்பாட்டி வைப்பது வழக்கம். குழலுக்கு அது நல்லது. பிஸ்டன் ஓடும் இடத்தில் அதே எண்ணெய் கரியோடு கலந்து பசையாகிவிடுகிறது. தேங்காயெண்ணெய் தடவச் சொன்ன பெரியவர் ஒருவரும் உண்டு. மார்கழி விடியலில் புட்டியிலேயே உறைந்து நிற்கும் எண்ணெயைப் பிஸ்டனில் தடவினால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்க மரியாதை தடுத்தது. பிஸ்டனையும் அது ஓடும் குழாயையும் உலரத் துடைத்து, போல்ட் நகரும் தடத்தில் மட்டும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். அதன்பின் 24 கிராம் கூடுகளும் ஒரே கோட்டைச் சுற்றி விழத் தொடங்கின.

இனி, ஒற்றைக்குழலின் தீராத குறை. இரண்டு குண்டுக்கும் ஒரே சோக் (ரவை எவ்வளவு விரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குழல்முனைக் குறுக்கம்). ஓவர்-அண்டரில் முதல் குழலைச் சற்று விரிவாகவும், தட்டு எட்டப் போன பிறகு சுடும் இரண்டாவதை இறுக்கமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ட்ராப் குழுத் தங்கம் வென்று 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்ட புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் போன்றவர்களின் மட்டத்தில் ஓவர்-அண்டரே ஆட்சி செய்வதற்கு இது ஒரு காரணம். என் மட்டத்தில் முதல் குண்டை விரைந்து சுடப் பழகினால் ஓரளவு இறுக்கமான இம்ப்ரூவ்டு மாடிஃபைடு சோக் ஒன்றே போதும் என்று கருதுகிறேன். வலப்பக்கம் நிற்பவர் மேல் கூடு பறக்காமலிருக்க வாயிலில் மாட்டும் தடுப்பு ஒன்றையும் வாங்கியாக வேண்டும். உடன் சுடும் குழுவான ஸ்குவாடில் ஏற்கெனவே முணுமுணுப்பு கேட்கிறது.

ஆக, கேஸ் வகை, 76 மில்லிமீட்டர் அறை, 30 அங்குலக் குழல் என்பது வரை முடிவாகிவிட்டது. கட்டையின் உயரம்தான் பாக்கி. உடன் வரும் தகடுகளை மாற்றிப் போட்டும் என் கன்னத்துக்குக் கட்டை தாழ்வாகவே இருக்கிறது. தஞ்சாவூரில் வீணைக்குப் பலாமரம் குடையும் ஆசாரி ஒருவரிடம், மேலே ஒட்டிக் கழற்றும்படியான ஒரு கன்னக்கட்டைக்கு அளவு கொடுத்திருக்கிறேன். வீணை வேலை முடிந்ததும் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது வந்ததும் 35 மீட்டரில் காகிதம் கட்டி ரவை எங்கே குவிகிறது என்று பார்க்க வேண்டும். இப்போது வீசும் ஆடிக்காற்றில் காகிதம் சட்டத்தில் நிற்பதில்லை, எதிர்க்காற்றில் தட்டுகளும் வேண்டிய உயரத்துக்கு மேலே எழும்பிப் போகின்றன. ஆவணியில் காற்று அடங்கியதும் அதைச் செய்துகொள்ளலாம். அதற்குள் உரிம விண்ணப்பத்துக்கான சான்றிதழ்களைத் திரட்டத் தொடங்கியிருக்கிறேன்.