டெக்சஸில் என் ட்ரக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுத்த அனுபவம்

டாலஸ் பக்கம் சொந்தமாக ட்ரக் ஓட்ட நினைக்கிற நம்மவர்கள் முதலில் விசாரிப்பது வண்டி விலையைத்தான். இன்ஷூரன்ஸ் எவ்வளவு ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் வண்டி பாருங்கள் என்பேன்.

டெக்சஸுக்குள்ளேயே ஓட்டுவதாக இருந்தால், 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு மாநிலம் கேட்கும் லயபிலிட்டி (விபத்தில் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு) 5 லட்சம் டாலர். மாநில எல்லை தாண்டி அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றினால் மத்திய விதி வந்துவிடும். சாதாரண சரக்குக்கு 7.5 லட்சம். 1980களில் நடைமுறைக்கு வந்த அந்தத் தொகை இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு லோடு பிடிக்க முடியாது. 10 லட்சம் லயபிலிட்டி, 1 லட்சம் கார்கோ (ஏற்றும் சரக்குக்கான காப்பீடு) என்று சான்றிதழில் இருந்தால்தான், லோடு பிடித்துக் கொடுக்கும் பெரும்பாலான புரோக்கர்கள் பேச்சையே தொடங்குகிறார்கள். பொதுச் சரக்குக்குக் கார்கோ இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்ற மத்திய விதியை 2011இல் எடுத்துவிட்டார்கள். புரோக்கர்கள் இன்னமும் கேட்கிறார்கள்.

அத்தாரிட்டி, அதாவது வாடகைக்குச் சரக்கு ஏற்ற மத்திய அரசு தரும் அனுமதி, புதிது என்றால் விலை கூடத்தான் செய்யும். சிடிஎல் (கனரக வண்டி ஓட்டும் லைசென்ஸ்) எடுத்து இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் பல கம்பெனிகள் எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். என் ஓட்டுநர் பதிவில் ஒரு டிக்கெட்கூட இல்லை. அப்படியும் எனக்கு வந்த கொட்டேஷன்கள் ஆண்டுக்கு 14,000 டாலரில் தொடங்கி 22,000 வரை போயின. ஒரே வண்டி, ஒரே டிரைவர், ஏன் இவ்வளவு வித்தியாசம்?

குறைந்த விலை கொடுத்தவரிடம் முழு பாலிசியையும் அனுப்பச் சொல்லி, விலக்குகள் இருக்கும் பக்கங்களை வரிவரியாகப் படித்தேன். வண்டியில் ஆள் இல்லாதபோது சரக்கு திருடுபோனால் கிளெயிம் கிடையாது. ரீஃபர் (ட்ரெய்லரின் குளிரூட்டும் கருவி) பழுதாகிச் சரக்கு கெட்டாலும் கிடையாது. வண்டி 300 மைல் சுற்றளவுக்குள்தான் ஓட வேண்டும். நான் ஏற்றுவதோ உறைந்த கோழி, அதில் பாதி டெக்சஸின் தெற்கு எல்லையில் இருக்கும் லரேடோவுக்குப் போவது. டாலஸிலிருந்து லரேடோ 400 மைலுக்கு மேல். அந்த பாலிசி எனக்கு எதற்கு? ரீஃபர் பழுதும் சேர்த்து, சுற்றளவு 500 மைல் என்று எழுதிக்கொடுத்தவரிடம் 18,000 சொச்சத்துக்கு முடித்தேன். கால் பங்கு முன்பணம், மீதி மாதத் தவணை.

அடுத்து ஃபைலிங், அதாவது அத்தாரிட்டிக்கான படிவங்களை அரசிடம் பதிவது. அத்தாரிட்டிக்கான எம்சி எண்ணுக்கு 300 டாலர் கட்டி விண்ணப்பித்தாயிற்று. சட்ட நோட்டீஸ்களை நம் சார்பில் வாங்க ஆள் நியமிக்கும் பிஓசி-3 படிவத்தை அதற்கென்று இருக்கிற ஏஜென்ட் போட்டுவிட்டார். லயபிலிட்டி இருக்கிறது என்று காட்டும் பிஎம்சி-91எக்ஸ் படிவத்தை மட்டும் இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் எஃப்எம்சிஎஸ்ஏ-வுக்கு (ட்ரக் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) அனுப்ப வேண்டும். என் கம்பெனிப் பெயரில் 'எல்எல்சி'யை விட்டுவிட்டு அனுப்பியிருந்தார்கள். பதிவில் உள்ள பெயரோடு பொருந்தாததால் அத்தாரிட்டி அப்படியே நின்றது. தினமும் போன் போட்டேன். திருத்தி அனுப்புவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. பாலிசி ஏற்கெனவே தொடங்கியிருந்தது, வண்டியோ யார்டில் நிற்கிறது, பிரீமியம் ஓடுகிறது! ஃபைலிங் போன அன்றே எஃப்எம்சிஎஸ்ஏ தளத்தில் உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். விலையை முன்பே பேசி வைத்துக்கொண்டு, விண்ணப்பம் பதிவேட்டில் வந்தபிறகு பாலிசியைத் தொடங்குவது நல்லது.

பாலிசியோடு வரும் எம்சிஎஸ்-90 என்ற இணைப்புத் தாளையும் படியுங்கள். பாலிசியில் இல்லாத விபத்தாக இருந்தாலும் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்தப் பணத்தை அப்புறம் நம்மிடம் வசூலிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. நமக்கான பாதுகாப்பு என்று அதை நம்பக்கூடாது.

தவணை தவறினால் கம்பெனி எஃப்எம்சிஎஸ்ஏ-வுக்கு 30 நாள் நோட்டீஸ் கொடுத்து ஃபைலிங்கை ரத்து செய்யலாம். அதற்குள் வேறு பாலிசி வராவிட்டால் அத்தாரிட்டி போய்விடும். லோடு பணம் கைக்கு வர சில சமயம் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அதனால் மூன்று மாதத் தவணையைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் முதல் லோடு எடுத்தேன்.