பீட்ரூட் சாறும் அந்த 16 சதவீதமும்

உடுமலைப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். போன வருஷம் 3000 மீட்டர் ஓடும் பையன் ஒருவன் செல்போனை நீட்டி, "பீட்ரூட் ஜூஸ் குடிச்சா 16 சதவீதம் ஸ்பீடு கூடுதாமுங்க சார்" என்றான். பீட்ரூட் நம்ம ஊரிலேயே விளைகிறது, செலவும் பெரிதில்லை என்று நானும் பெற்றோர்களிடம் அப்படியே சொல்லிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருந்ததால் மூல ஆய்வைத் தேடி எடுத்தேன். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகக் குழு 2009-இல் வெளியிட்டது.

முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை. எங்கள் கணக்கு டீச்சரிடம் கொண்டுபோனேன். "முடிவை அப்புறம் பாருங்க சார், யாரை வெச்சு எப்படிச் செஞ்சாங்கன்னு முதல்ல படிங்க" என்றார். விஷயமே அங்கேதான் இருந்தது. மொத்தம் 8 ஆண்கள், 6 நாள், தினமும் அரை லிட்டர் சாறு. அதே ஆட்களுக்கே இன்னொரு முறை, ஒப்பிட்டுப் பார்க்க, பிளாக்கரண்ட் என்ற பழத்தின் பானம். ஒருவரை அவரோடேயே ஒப்பிடுவது நல்ல முறை, 8 பேர்தானே என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவர்கள் ஓடவே இல்லை! சைக்கிள் மிதித்தார்கள், கடினமான ஒரே பளுவில், இனி முடியாது என்று கால் நிற்கும்வரை. 583 விநாடி 675 ஆனது, அதுதான் 16 சதவீதம். கூடியது தாங்கும் நேரம், வேகம் இல்லை. அப்படி மிதிக்கும்போது திறன் துளி கூடினாலும் தாங்கும் நேரம் நிறைய நீளும், தூரம் குறித்த பந்தயத்தில் அது ஒன்றிரண்டு சதவீதமாகச் சுருங்கிவிடும், நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு இன்னும் குறைவு. 583-க்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 145, 675-க்குப் பக்கத்தில் 203 என்று இருந்ததையும் டீச்சர்தான் விரல் வைத்துக் காட்டினார். ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம்.

சரி, நாமே பார்க்கலாம் என்று 6 பையன்களை ஓடவிட்டோம். சீட்டுப் போட்டு 3 பேருக்கு முதல் வாரம் சாறு, மீதிப் பேருக்கு அடுத்த வாரம். ஒரு தடவை ஓடியவன் அடுத்த தடவை வேகத்தைப் பங்கிட்டு ஓடக் கற்றுவிடுவான், எல்லோருக்கும் இரண்டாவது வாரமே கொடுத்தால் அந்தப் பெயரைப் பீட்ரூட் தட்டிக்கொண்டு போய்விடும். நிறத்தையும் மண்வாசத்தையும் மறைக்க எங்களுக்கு வழி தெரியவில்லை, சாறு குடித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வாரம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று தூக்கி அடித்ததில் 6 பேர் நேரமும் கெட்டது. அறைக்குள் சைக்கிளை வைத்து ஏன் சோதிக்கிறார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

பெற்றோர்களைத் திரும்பக் கூப்பிட்டு, 16 என்று நான் சொன்னது தவறு, வீட்டில் பீட்ரூட் இருந்தால் குடிக்கட்டும், அதற்கென்று பவுடர் எதுவும் வாங்க வேண்டாம் என்று சொன்னேன். இப்போது ஒருவன் புரோட்டீன் பவுடர் பற்றிய கட்டுரை கொண்டுவந்திருக்கிறான். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்பது கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும், இன்று சாயங்காலம் அங்கிருந்து ஆரம்பிக்கிறோம்.