கரடிக்கு ஒரு வரவுப் பாட்டு

2025 யூலை 13, ஞாயிறு

பாலை பழுத்துவிட்டது. மாங்குளம் சந்தியிலும் முறிகண்டிக் கச்சான் கடைகளுக்குப் பக்கத்திலும் பேணியால் அளந்து விற்கிறார்கள். சின்னஞ்சிறு மஞ்சள் பழம். தின்னத் தின்ன உதட்டில் பால் ஒட்டும். ஒட்டினாலும் ஒருவரும் நிறுத்துவதில்லை. காட்டுக்குள் இந்தப் பழத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு சீவன் கரடி. பாலைப்பழக் காலம் வன்னியில் கரடியின் காலமும்தான். உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்னும், மரத்தில் ஏறிக் கிளையை வளைத்தும் தின்னும்.

இந்த வாரத்தை அந்தக் கரடிக்கே கொடுத்திருக்கிறேன். ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுவரையான பிள்ளைகளுக்கு ஒரு படக்கதை. எங்கள் வாசிகசாலையின் சிறுவர் அலுமாரியில் கரடிக் கதைகள் நிறைய இருக்கின்றன. அந்தக் கரடிகள் மண்ணிறமாக, மெத்தென்று, சட்டை போட்டுக்கொண்டு பனி பெய்யும் காட்டில் நடக்கின்றன. போத்தலிலிருந்து தேன் குடிக்கின்றன. அவற்றின் மீது எனக்குக் கோபமில்லை. பிள்ளைகள் ஆசையோடு பார்க்கிறார்கள், பார்க்கட்டும். ஆனால் எங்கள் காட்டுக் கரடி கறுப்பு. சடைத்த மயிர், நீண்டு வெளிறிய மூக்கு, நெஞ்சில் வெள்ளைப் பிறை, வளைந்த நீள நகங்கள். இலங்கையில் எஞ்சியிருப்பவை ஆயிரத்துக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் கரடி உலாவும் காட்டின் ஓரத்தில் வளர்கிற பிள்ளைக்கு, அதன் முகத்தைக் காட்டும் ஒரு புத்தகம்கூட அந்த அலுமாரியில் இல்லை.

இங்கே பிள்ளைகளுக்குக் கரடி பயமாகத்தான் அறிமுகமாகிறது. ஊருக்கு ஊர் கரடியிடம் அடிபட்ட ஒருவர் இருப்பார். அவருடைய முகத்தைப் பார்த்தே பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆகவே என் கரடி பொம்மையாகவும் இருக்கக்கூடாது, பேயாகவும் இருக்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவே ஓர் உண்மையான மிருகம் நிற்கிறது. அதைத்தான் எழுதவேண்டும்.

யூலை 14, திங்கள்

தேன் எடுக்கிற அப்புவைப் பார்க்கப் போனேன். வயது எண்பதை நெருங்குகிறது. தலையின் இடப்பக்கத்தில் மயிர் முளைக்காத ஒரு தழும்பு, காதுவரை இறங்குகிறது. இளமையில் கரடி அடித்தது. முற்றத்து வேப்பமரத்தின் கீழ் கதிரை போட்டு உட்கார்த்தி, தேநீர் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. தேநீர் வந்தபின் கேட்டார்: “கரடியைப் பற்றி எழுதப் போகிறாயா? நல்லதாக எழுதுவாயா, கெட்டதாக எழுதுவாயா?”

“உள்ளபடி எழுதப் பார்க்கிறேன் அப்பு” என்றேன்.

அதன்பிறகு மத்தியானம்வரை பேசினார். கரடிக்குக் கண்ணும் காதும் மட்டு, மூக்குத்தான் எல்லாம். கறையான் புற்றைக் கிண்டி, மூக்கை உள்ளே விட்டு, முதலில் மண்ணை ஊதித் தள்ளும், பிறகு உறிஞ்சும். அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும். ஆனால் அந்த நேரத்தில் அதற்கு வேறு எந்தச் சத்தமும் கேட்காது.

“அது வேண்டுமென்று வந்து அடிப்பதில்லை பிள்ளை. புற்றுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நிற்கிறபோது நான் போய் மிதிக்காத குறையாக நின்றேன். அதுவும் பயந்தது, நானும் பயந்தேன். அதற்கு நகம் இருந்தது, அவ்வளவுதான்.”

இதைச் சொன்னவர் தழும்போடு வாழ்கிறவர். அவருக்கு அந்த மிருகத்தின் மீது வெறுப்பு இல்லை. காட்டுக்குள் போனால் உரத்துப் பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ போகவேண்டும், அது விலகிப்போக நேரம் கொடுக்கவேண்டும் என்றார். ஒருமுறை தாய்க்கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு வண்டிப் பாதையைக் கடந்ததைப் பார்த்தாராம். குட்டி தாயின் மயிரை இரண்டு கையாலும் பிடித்திருந்ததாம். கரடிக் குட்டிகள் மாதக்கணக்கில் இப்படித்தான் தாயின் முதுகில் பயணம் செய்கின்றன, படித்திருக்கிறேன். படித்தபோது அது ஒரு தகவல். அப்பு தன் இரண்டு கையையும் தோளுக்கு மேலே கொண்டுபோய்ப் பிடித்துக் காட்டியபோது, கதையின் முதல் பக்கம் எனக்குக் கிடைத்துவிட்டது.

விடைபெறும்போது சொன்னார்: “குட்டியை மறந்துவிடாதே.”

யூலை 15, செவ்வாய்

எழுத நேரம் கிடைக்கவில்லை. மாலையில் ஓர் ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்: ஓகஸ்ட் 25 வருகிறது, வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு நூல் எழுதித் தர முடியாதா? 1803 இல் அந்த நாளில்தான் அவன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தான். அதே வருடம் ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் தோற்றான். அங்கே அவனுக்கு நினைவுக்கல் நாட்டினார்கள். எழுத ஆசைதான். ஆனால் வாளும் பீரங்கியும் மட்டும் உள்ள புத்தகமாக அது ஆகிவிடக்கூடாது. அவனுடைய ஆட்கள் எந்தக் குளத்துச் சோற்றைத் தின்றார்கள், எந்தக் காட்டுப் பாதையால் நடந்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் இருக்கவேண்டும். கரடி முடியட்டும்.

யூலை 16, புதன்

முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இரவு போனேன். வற்றாப்பளை அம்மன் பொங்கல், கடல்நீரில் விளக்கெரிகிற அந்தப் பெரும் பொங்கல், வைகாசியோடு முடிந்துவிட்டது. கண்ணகியின் கதை மட்டும் இந்தப் பக்கத்தில் எந்த மாதத்திலும் ஓய்வதில்லை. இந்தக் கூத்துக்கு முல்லைத்தீவுக்கே உரிய ஓர் ஆட்டமுறை உண்டு, முல்லைமோடி என்பார்கள். சிறுவயதில் விடிய விடியப் பார்த்தது. இப்போது எழுதுகிறவளாகப் போய் உட்கார்ந்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது.

கூத்தில் யாரும் சும்மா மேடைக்கு வந்துவிடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வரவு உண்டு. அரசனுக்கு ஒரு நடை, தட்டானுக்கு வேறு நடை. பாட்டும் தாளமும் ஆளைச் சொல்லிவிடும். ஆள் தன் பெயரைச் சொல்வது அதற்குப் பிறகுதான். அவர் பாடி முடித்த அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கிற சிறு பிள்ளைக்கு முதல்முறை சொல் புரியாமல் போனாலும் இரண்டாம் முறை வாயில் வந்துவிடும்.

ஒரு படக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு பக்கத்தைப் புரட்டினால் ஒரு வரவு. கரடிக்கு ஒன்று, மயிலுக்கு ஒன்று, மரத்தில் தாவும் மந்திக்கு ஒன்று. வாசிப்பவர் ஓர் அடி சொல்ல, கேட்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் பிற்பாட்டு. சிறுவர் கதையை எப்படிச் சொல்வது என்று நாங்கள் வெளியே எங்கும் போய்க் கற்கவேண்டியதில்லை. கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவிமார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். இதைப் பாடசாலைகளில் உரக்கச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆவேசமே வந்தது.

அண்ணாவியாரிடம் போய், “ஐயா, கரடிக்கு வரவு போட்டால் எந்தத் தாளம்?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். “பாரமான உடம்பு. ஆனால் மெதுவான மிருகம் இல்லை” என்று சொல்லி, மத்தளக்காரரிடம் வாயாலேயே ஒரு தாளக்கட்டைச் சொன்னார். மத்தளம் வாசித்தது. கண் முன்னே கரடி நடந்தது.

வீட்டுக்கு வந்து படுக்கும் முன் எழுதியது:

மூக்கை நீட்டி முகர்ந்து வருகிறாள்
முதுகில் பிள்ளை சுமந்து வருகிறாள்
புற்றைக் கிண்டி ஊதி வருகிறாள்
பொழுது சாயக் கிளம்பி வருகிறாள்

யூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. காலையிலேயே பயறு வறுத்து, பனங்கட்டி கரைத்து, தேங்காய்ச் சொட்டுப் போட்டுக் கூழ். பக்கத்து வீட்டு மாமி கொழுக்கட்டை கொண்டுவந்தார். பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்திப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கரண்டி வேண்டாம் என்று சண்டை பிடித்து அதிலேயே குடித்தார்கள்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலை இன்றும் பிள்ளைகள் பாடினார்கள். புலவர் 1953 இல் மறைந்தார். அதற்குப் பிறகு எத்தனை இடப்பெயர்வு, எத்தனை வீடு, எத்தனை பள்ளிக்கூடம் இல்லாமற் போயிற்று. அந்தப் பாட்டு மட்டும் ஒவ்வொரு ஆடியிலும் திரும்ப வருகிறது. ஏன் என்று கூழ் கிண்டும்போது யோசித்தேன். பிள்ளையின் விடுமுறையையும் பிள்ளையின் வாயில் ஊறும் கூழையும் அவர் பாடினார். தூரத்தில் இருந்த ஒன்றையும் கொண்டுவந்து பிள்ளைக்குப் புத்தி சொல்லவில்லை. பாலைப்பழத்தை எழுதும் துணிவு எனக்கு அங்கிருந்துதான் வருகிறது.

யூலை 18, வெள்ளி

முழுநாளும் மேசையில். மொத்தம் 24 பக்கம். அச்சகத்தில் எட்டெட்டாகத்தான் கணக்கு. 24 ஐத் தாண்டினால் அடுத்தது 32. வண்ண அச்சில் அந்த எட்டுப் பக்கம் புத்தகத்தின் விலையை ஏற்றிவிடும். விலை ஏறினால் இங்குள்ள தாய்மார் வாங்கமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு வரியும் தன் இடத்துக்கு நியாயம் சொல்லவேண்டும். பக்கத்துக்கு நாலு வரிக்கு மேல் இல்லை.

கதையில் பிள்ளை காட்டுக்குள் போவதில்லை. இதைப் பற்றி வெகுநேரம் யோசித்தேன். மற்ற நாட்டுக் கதைகளில் பிள்ளைகள் தனியே காட்டுக்குள் போய் அதிசயம் கண்டு வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை தெரியும். 2009 இல் போர் முடிந்தது. மிதிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் நீண்டது. தெரியாத இடத்தில் கால் வைக்காதே, கிடக்கிற பொருளைத் தொடாதே என்று முன்பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிற நிலம் இது. அந்தப் பாடத்துக்கு எதிராக என் கதை ஒரு வரிகூடச் சொல்லாது. பிள்ளை தாத்தாவோடு சிறுபோக வயலின் காவற்பரணில் இருக்கிறாள். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல். நிலவு காய்கிறது. காட்டோரத்துப் பாலைமரத்துக்கு ஒவ்வொரு மிருகமாக வருகிறது. பரணே மேடைக்கு முன் போட்ட பாய் ஆகிவிடுகிறது.

முடிவைப் பற்றி ஒரு தகராறு. கரடி பழத்தை விழுங்குகிறது, காடெல்லாம் நடக்கிறது, எச்சமிடுகிறது; அந்த எச்சத்தில் கிடந்த விதை மாரி மழையில் முளைக்கிறது. பாலைமரம் மிகவும் மெதுவாக வளர்வது. அதன் விதையைச் சுமந்து பரப்புகிறவர்களில் கரடியும் ஒன்று. கையெழுத்துப் பிரதியை வாசித்த தோழி ஒருத்தி, ஆசிரியை, “எச்சம் வருகிற பக்கத்தை எடுத்துவிடு, வகுப்பில் வாசிக்கக் கூச்சமாக இருக்கும்” என்கிறாள். எடுக்கமாட்டேன். காடு எப்படித் தன்னைத் தானே நடுகிறது என்பது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே தெரிந்துகொள்வார்கள்.

யூலை 19, சனி

சனசமூக நிலையத்தில் வாசித்தேன். பாயில் இருபதுக்குக் கிட்டப் பிள்ளைகள், வாசலில் சில தாய்மார். இரண்டாவது வரவிலேயே பிற்பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். “வருகிறாள்” என்று நான் நிறுத்துமுன் அவர்கள் தொடங்கிவிட்டார்கள். ஒரு பையன் எழுந்து கரடியாக நடந்தான். பிறகு யாரையும் உட்கார்த்த முடியவில்லை, உட்கார்த்தவும் நான் விரும்பவில்லை.

எச்சம் வந்தபோது கூரை அதிரச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் தரம் மூன்றில் படிக்கிற ஒருவன், “அப்படியென்றால் எங்கள் வளவுப் பாலையும் கரடி போட்டதா ரீச்சர்?” என்று கேட்டான். இருக்கலாம், பறவை போட்டதாகவும் இருக்கலாம் என்றேன். வாசலில் நின்ற அவன் தாய் அந்த மரத்துக்கு எத்தனை வயதிருக்கும் என்று மாமியாரிடம் கேட்கவேண்டும் என்றார்.

“கரடி கடிக்குமா?” என்ற கேள்வியும் வந்தது. கடிக்கும் என்றே சொன்னேன். திடீரென்று கிட்டப் போனால் பயந்து அடிக்கும், அதனால் நாங்கள் தூரத்தில் நிற்கவேண்டும், பெரியவர்களோடு நிற்கவேண்டும். தேன் எடுக்கிற அப்பு சொன்னதையும் சொன்னேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். அவரைத் தெரியாதவர் அங்கே யாருமில்லை.

இதெல்லாம் முடிந்தபின் ஒரு சிறுமி கிட்ட வந்து மெதுவாகக் கேட்டாள்: “மரத்தில் ஏறினது, சரி. எப்படி இறங்கும்? குட்டி விழுந்துவிடாதா?”

யூலை 20, ஞாயிறு

காலையிலேயே அப்புவிடம் போனேன். “பின்பக்கமாகத்தான் இறங்கும். எங்களைப் போல” என்றார். பின்னங்கால் மெல்லத் தடவி இடம் தேடுமாம், நகம் மரப்பட்டையைக் கீறிக்கொண்டு வருமாம். பாலைமரங்களில் அந்தக் கீறலைப் பார்த்தே கரடி வந்துபோனது தெரியுமாம். குட்டியைப் பற்றிக் கேட்டேன். குட்டி தானாகவும் ஏறும், தானாகவும் இறங்கும். நிலத்துக்கு வந்ததும் மறுபடி முதுகுக்குத்தான் ஓடும் என்றார்.

மந்தியின் வரவைச் சுருக்கி, இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன். எழுத்து இல்லை, படம் மட்டும்.

பிற்பகல் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஓவியத் தம்பிக்கு எழுதி அனுப்பிய கடிதத்திலிருந்து:

“கரடிக்குச் சட்டை வேண்டாம், சிரித்த வாய் வேண்டாம். மூக்கு நீளம், கீழுதடு தொங்கும். நெஞ்சுப் பிறை தூய வெள்ளை இல்லை, சற்றுப் பழுப்பு. குட்டியின் கை தாயின் மயிரை இறுக்கிப் பிடித்திருக்கவேண்டும். பாலைமரத்தின் பட்டை கறுத்து வெடித்திருக்கும், பழையது ஒன்றை நேரில் பார்த்து வரையுங்கள். பார்க்க வந்தால் சாப்பாடு எங்கள் வீட்டில். தாத்தாவின் தலையில் ஒரு தழும்பு போடுங்கள், கதையில் அதைப் பற்றி ஒன்றும் வராது. பின்பக்கமாக இறங்குகிற பக்கத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வரைந்து அனுப்புங்கள். அடுத்த சனிக்கிழமை அதை ஒருத்திக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.”