கேட்வுமன் தலையுறை: மூன்றாம் சுற்றில் நின்ற காது

இரண்டாவது தலையுறையும் வலது காதின் அடியில்தான் கிழிந்தது. முதலாவது கிழிந்ததும் அதே இடம். அதனால் இந்தப் பதிவில் பாதி காதைப் பற்றியே இருக்கும்.

செய்வது 1992-இல் வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் பூனைப் பெண்ணான கேட்வுமனாக நடித்த மிஷெல் ஃபைஃபர் போட்டிருந்த தலையுறை. உடையை வடிவமைத்தவர்கள் பாப் ரிங்வுட், மேரி வோக்ட். கதைப்படி செலினா கைல் (கேட்வுமனின் இயற்பெயர்) வீட்டில் கிடந்த கறுப்பு வினைல் கோட்டை வெட்டித் தானே தைத்துக்கொள்கிறாள். அதனால்தான் வெள்ளைத் தையல்கள் கோணலும் மாணலுமாக ஓடுகின்றன. படப்பிடிப்பில் உடுத்தியது வினைல் அல்ல, லேடெக்ஸ், அதாவது காய்ந்த ரப்பர் பால். மேலே சிலிக்கான் பூசிப் பளபளப்பு ஏற்றியிருக்கிறார்கள். ஃபைஃபருக்காகச் சுமார் 60 உடைகள் செய்ததாகச் சொல்வார்கள். லேடெக்ஸில் ஒரு தலையுறை செய்து பார்த்தாலே அந்த எண்ணிக்கை ஏன் என்று புரிந்துவிடும்.

முதலில் அச்சு. விக் கடைத் தெர்மோகோல் தலையின் சுற்றளவு 52 செ.மீ.தான் இருந்தது. போடப்போகிற தலை 56. செய்தித்தாளை ஈரமாக்கி ஒட்டி 55 வரை ஏற்றி, மேலே பிளாஸ்டர் துணி மூன்று அடுக்கு சுற்றி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டோம். 1 செ.மீ. குறைத்தது வேண்டுமென்றே, உறை கொஞ்சம் இழுபட்டு நின்றால்தான் சுருக்கம் விழாது. பிளாஸ்டரில் விரலால் தடவித் தெரிகிற சொரசொரப்பு எதுவானாலும் லேடெக்ஸின் உட்புறத்தில் அப்படியே பதியும்.

லேடெக்ஸ் வாங்கும்போது ‘ப்ரீவல்கனைஸ்டு’ (இழுத்தால் திரும்பும்படி முன்பே பதப்படுத்தியது) என்று கேட்டு வாங்க வேண்டும். வெறும் 60 சதவீத ரப்பர் பால் காய்ந்தாலும் பிசுபிசுவென்றே இருக்கும், இழுத்தால் திரும்பாது. ஒரு தலையுறைக்கு 300 மி.லி. பிடிக்கிறது. அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும். பிரஷ்ஷைத் தோய்க்கும் முன் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளாவிட்டால் பத்தே நிமிடத்தில் அது ரப்பர் குச்சி. ரப்பர் கையுறை போட்டால் அரிக்கிற ஆளுக்கு இந்த வேலையே வேண்டாம்.

எட்டுப் பூச்சு. ஒவ்வொன்றும் பால் வெள்ளை போய்க் கண்ணாடிபோல் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். மின்விசிறிக் காற்றில் 40 நிமிடம், மழைநாளில் அதற்கு இரு மடங்கு. கறுப்பு நிறமியை முதல் பூச்சிலேயே கலந்தால் தெளிந்ததா இல்லையா என்று தெரியாது. ஆகவே முதல் ஐந்து நிறமில்லாமல், கடைசி மூன்று மட்டும் கறுப்பு. எல்லாம் முடிந்தால் கனம் ஏறத்தாழ 1 மி.மீ.

இனி காது. உள்ளே 5 மி.மீ. ஈவிஏ ஃபோம் (மெத்தென்ற பிளாஸ்டிக் நுரைத் தகடு) முக்கோணம்: அடி 5 செ.மீ., உயரம் 6 செ.மீ. இது இல்லாமல் வெறும் லேடெக்ஸில் நிறுத்தினால் காது நாய்க்குட்டிக் காதாகச் சாய்ந்துவிடும். முதல் சுற்றில் ஃபோமை அச்சின் மேல் நேராக ஒட்டிவிட்டுப் பூசினோம். காதும் தலையும் சேரும் கூர்மையான மூலையில் பால் வழிந்து தேங்கியது. மேலே தோல் காய்ந்துவிட, உள்ளே வெள்ளையாகவே இருந்தது. தண்ணீர் வெளியேற வழியில்லாத அந்த இடம் பிறகு சுருங்கி, பக்கத்து மெல்லிய பகுதியை இழுத்து, முதல் முறை மாட்டும்போதே பிளந்தது. இரண்டாம் சுற்றில் மூலையில் தேங்கியதைப் பிரஷ்ஷால் எடுத்து எடுத்துப் பூசியும் அதே கதி, கொஞ்சம் தாமதமாக.

மூன்றாம் சுற்றில் மூலையே இல்லாமல் செய்தாயிற்று. காதடியைச் சுற்றி மாடலிங் களிமண்ணை உருட்டி வைத்து, சுண்டுவிரல் நுனி உட்காருகிற அளவுக்கு, சுமார் 1 செ.மீ. ஆரத்தில், வழித்து வளைவாக்கினோம். பால் எங்கும் தேங்கவில்லை. கழற்றிய பிறகு களிமண்ணைச் சுரண்டி எடுத்து, உள்ளே தளர்ந்த ஃபோமைப் பங்ச்சர் சொல்யூஷன் போட்டுத் திரும்ப ஒட்டலாம். சொல்யூஷன் பட்டதும் லேடெக்ஸ் நெளிநெளியாக எழும்பும். பயந்து தேய்க்கக் கூடாது. கால் மணி நேரத்தில் தானே படியும்.

கழற்றும்போது டால்கம் பவுடர் தாராளமாக. உட்புறம் உட்புறத்தோடு ஒட்டிவிட்டால் பிரிக்கவே முடியாது. கண் துளையை வேண்டிய அளவில் 70 சதவீதம் மட்டும் வெட்ட வேண்டும், தலையில் ஏறியதும் அதுவே விரியும். ஓரத்தில் கத்தரி ஒரு சிறு ‘வி’ விட்டால் போதும், கிழிசல் அங்கிருந்து ஓடும். கழுத்து ஓரத்தை வெட்டாமல், கடைசிப் பூச்சு காய்ந்த உடனே விரலால் சுருட்டிவிட்டால் பலூன் வாய்போல மணி விழும்.

தையல்களை ஊசியால் தைக்கவே கூடாது. ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு கிழிசலின் ஆரம்பம். 2 மி.மீ. பருத்திக் கயிற்றை 12 முதல் 15 மி.மீ. துண்டுகளாக வெட்டி, வெள்ளை நிறமி கலந்த லேடெக்ஸில் முக்கி, குறுக்கே பதித்தோம். இடைவெளி சீராக இருந்தால் கிரிக்கெட் பந்து மாதிரி தெரிகிறது; அளவுகோலைத் தூர வைத்துவிட்டுக் கைபோன போக்கில் வைத்ததுதான் சரியாக வந்தது. அக்ரிலிக் வெள்ளை வேண்டாம், இழுத்தால் பொடிப்பொடியாக உதிரும். சிலிக்கான் பாலிஷ் எல்லாவற்றுக்கும் கடைசி. அது பட்ட இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது. பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெயைத் தொடவே கூடாது, எண்ணெய் ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும். பித்தளை ஜிப்பும் அப்படித்தான், பழுப்புக் கறை விழும்.

லேடெக்ஸ் காயும் நேரத்தில் கேட்வுமனாக நடித்த மற்ற நடிகைகளின் காதுகளையும் முயன்றாயிற்று. 1940 வசந்தத்தில் வந்த பேட்மேன் காமிக்ஸ் முதல் இதழில் ‘தி கேட்’ என்ற பெயரில் அறிமுகமானபோது கேட்வுமனுக்குப் பூனை உடையே கிடையாது. 1966-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் ஜூலி நியூமருக்கு வெறும் தலைப்பட்டைக் காதுதான்: 2 மி.மீ. ஃபோம், ஒரு ஹேர்பேண்ட், அரை மணி நேர வேலை. நியூமர் இடுப்பு வாரைக் கீழே இறக்கி இடுப்பெலும்பில் கட்டிக்கொண்டது காதைவிடப் புத்திசாலித்தனமான மாற்றம்; உடலின் வளைவே அதனால் வேறாகத் தெரிந்தது. அதே ஆண்டின் திரைப்படத்தில் லீ மெரிவெதரும், மூன்றாம் பருவத்தில் எர்தா கிட்டும் அணிந்ததற்கும் ஏறக்குறைய இதே செய்முறை போதும். எர்தா கிட்டின் உருட்டுகிற ‘ர்ர்ர்’ மட்டும் எந்த ஃபோமிலும் வராது. 2004-இல் ஹேலி பெரி அணிந்ததில் நமக்கு ஆர்வம் வரவில்லை.

2012-இல் ஆன் ஹாத்வேயின் கண்ணாடி வேறு வகைப் புதிர். மேலே தூக்கிவிட்டால் அதுவே காது. நெற்றிப்பொட்டில் எம்3 (3 மி.மீ.) திருகு, நைலான் வாஷர் வைத்து மூட்டுப் போட்டோம். குளிர்கண்ணாடியைத் தலையில் ஏற்றுவதுபோல் 90 டிகிரி திருப்பினால் கண்ணாடி படுத்துவிடும், எதிரே நிற்பவருக்குக் காது தெரியாது. 45 டிகிரியில் நிறுத்தினால் உயரத்தில் 70 சதவீதம் தெரிகிறது. அந்த இடத்தில் ஒரு சிறு ஃபோம் தடுப்பு ஒட்டியதும் காரியம் முடிந்தது.

எல்லாவற்றிலும் எளிது 2022-இல் ஸோயி க்ராவிட்ஸின் குல்லாய் முகமூடி பாணி. இழுபடும் பின்னல் துணியை இரண்டாக மடித்து, உச்சியை வளைக்காமல் நேராகத் தைத்துவிட்டால், இரண்டு மூலைகளும் தாமாகவே காதாக நிற்கும். லேடெக்ஸோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலைத் தரும்.

மூன்றாவது தலையுறை இதுவரை 12 முறை ஏறி இறங்கியிருக்கிறது. காதடி தாங்குகிறது. இடது கண்ணின் வெளி ஓரம் மட்டும் 4 மி.மீ. விரிந்துவிட்டது, அங்கே உட்புறம் ஒரு மெல்லிய லேடெக்ஸ் பட்டையைச் சொல்யூஷன் வைத்து ஒட்டி, பவுடர் போட்டு, வெயில் படாத பையில் வைத்திருக்கிறது.